வெள்ளிமலையில் கேட்ட தண்ணீர்

காலை ஏழு மணிக்குச் சங்கராபுரத்தில் பஸ் ஏறும் முன்பே பக்கத்து வீட்டில் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, கோமுகி அணையைப் பார்க்கப் போகிறேன் என்று. அணை போகிற வழியில்தான் இருக்கிறது. ஆகவே பாதிப் பொய்.

உண்மையில் நான் கிளம்பியது வெள்ளிமலைக்கு. என் ஒரே மகள் நிவேதா சேலத்தில் நர்ஸ். உடன் வேலை பார்க்கும் பிரகாஷைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நிற்கிறாள். பையன் கல்வராயன் மலைக்காரன், பழங்குடி. நல்ல பையன்தான். ஆனால் உறவுக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பதுதான் என் கவலை. போனில் இழுத்து இழுத்துப் பேசினேன். அவள் ஒரே போடாகப் போட்டாள்.

"மனுஷங்க எல்லாரும் ஒண்ணுன்னு ஒரு பழமொழிய வருஷா வருஷம் போர்டுல எழுதுவியேம்மா? நானும் அந்த கிளாஸ்லதான் உக்காந்துகினு இருந்தேன். போய் அவங்க வூட்டப் பாரு. அப்புறம் வேணாம்னு சொல்லு."

நான் தமிழாசிரியை. பள்ளி திறக்கும் நாளில் அதைத்தான் எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வழியெல்லாம் கரும்பு. ஜன்னல் ஓரம் கிடைத்தும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோன்றியது. மடியில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருந்தேன். சம்பந்தம் பேசப் போகும் வீட்டில் முடிவாகும் முன் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வாய் காபி குடித்தாலும் சம்மதம் என்று ஆகிவிடும். அந்த வழக்கம் அன்று எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! அந்த வீட்டில் சாப்பிட என் மனம் கூசியதை அதற்குப் பின்னால் மறைத்துக்கொள்ளலாம்.

கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகும் ஜீப். ஆளுக்கு ஐம்பது ரூபாய்.

"இன்னாம்மா, மேல யாரு வூட்டுக்கு?" என்றார் டிரைவர். சொன்னேன்.

"சொந்தக்காரங்களா?"

"இன்னும் இல்ல" என்றேன். வாய் தவறி வந்ததா, தெரியவில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் பின்சீட்டுப் பெண் ஒருத்தி வாந்தி எடுத்தாள். பாட்டிலைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது காலி.

வெள்ளிமலையில் இறங்கி, ஏற்றத்தில் நடந்து, அந்த ஓட்டு வீட்டை அடைந்தபோது உச்சிவெயில். வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. நான் வருவதை நிவேதா சொல்லி வைத்திருந்தாள். பிரகாஷின் அம்மா லட்சுமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பா சிரித்துவிட்டு ஓரமாக நின்றார். மழையைப் பற்றிப் பேசினோம், மரவள்ளி விலையைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் மட்டும் வரவில்லை. கொடுத்தால் பக்குவமாக மறுப்பதற்கு வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். கொடுத்தால்தானே! தொண்டை ஒட்டிக்கொண்டது. கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க, முடிவாகாம கை நனைக்கிறது எங்க பக்கம் வழக்கமில்ல."

"அதனாலதாங்க நாங்களும் குடுக்கல" என்றார் லட்சுமி. "எங்களுக்கும் இன்னும் முடிவாவல. பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா கீழ்நாட்டு சம்பந்தம் இன்னாத்துக்குன்னு எங்க ஜனங்க கேக்கறாங்க. நாளைக்கு எங்களப் பாத்து நீங்க மூக்கச் சுளிச்சா எங்க புள்ள இன்னா பண்ணுவான்?"

முதலில் வந்தது கோபம்தான். இவர்களா என்னை யோசிப்பது? அடுத்த நொடியே வெட்கம் பிடுங்கித் தின்றது. சமம் என்பதை இத்தனை வருஷமும் மேலே நின்று கீழே கொடுக்கிற பொருளாகத்தான் நினைத்திருக்கிறேன். கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் மலையேறியிருக்கிறேன். இங்கே என்னை ஏற்கலாமா என்று ஒரு வீடு யோசித்துக்கொண்டிருந்தது.

எழுந்து நின்றேன். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

லட்சுமி கணவரைப் பார்த்தார். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த அம்மா உள்ளே போனார். வருவாரா என்று உள்கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலில் தீர்த்தத்துக்குக் கை ஏந்தி எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தோடு நின்றது அன்றுதான். போர்டில் எழுதிய வரி கைக்குள் வந்ததும் அன்றுதான்.

சொம்பு வந்தது. குடித்தேன். அது போன்ற தண்ணீரை நான் குடித்ததில்லை.

மூன்று மணி ஜீப்புக்கு லட்சுமி வழியனுப்ப வந்தார். "நீங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வரணும்" என்றேன்.

"வரோம்ங்க. புதன்கிழமை வரோம்." ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆனா அங்க நாங்க கை நனைக்கிறதா வேணாமான்னு வந்து பாத்துதான் சொல்லுவோம்."

மலை இறங்கியதும் வழியில் அணை வந்தது. நான் பார்க்கவில்லை.

இன்று புதன்கிழமை. பக்கத்து வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன். விடிந்ததிலிருந்து மூன்று முறை சொம்பைத் தேய்த்துவிட்டேன். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன்.