எண்ணெய் படாத கை

விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவனைக் கண்டால் மந்திரமூர்த்திக்குக் குடலைப் புரட்டும். தென்காசியில் ஒரு வாசகசாலையின் புத்தகப் பொறுப்பை 1927இல் ஏற்ற நாளிலிருந்து அவர் பட்ட பெரும்பாடு எச்சில்தான். பக்க ஓரத்தில் சுண்ணாம்பு விரல், நடுவில் முறுக்குத் தூள், மேஜைக்கு அடியில் எவனோ தடவிவிட்டுப் போன மூக்குச்சளி. படித்த மனிதர்களாம்!

சாரல் காலம் வந்தால் இன்னும் மோசம். குற்றாலத்துக்கு வந்த சீசன்காரர்கள் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பார்கள். போன எண்ணெய் பாதி, போகாத எண்ணெய் பாதி என்று குதிரை வண்டி ஏறித் தென்காசிக்கு வந்து, அதே கையால் பத்திரிகையைப் பிரிப்பார்கள். அந்தக் கறையை மோந்துகொண்டு கரப்பான் வரும். மந்திரமூர்த்தி அவற்றைத் துடைப்பக்குச்சியால் தள்ளிவிட்டு, சீயக்காய் போட்டு முழங்கை வரை கழுவுவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கழுவுவார். மனுஷனுக்கு இது வியாதியோ என்றுகூட ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. அலமாரிக்குள் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போடுவார். வெயில் அடித்தால் புத்தகங்களைக் காற்றாட வைப்பார். பீரோவின் மேல்தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி, ஏழு நோட்டுகளைத் தனியாக வைத்திருந்தார். காலமான பள்ளி வாத்தியார் பால்வண்ணநாதன் எழுதியவை. இருபத்திரண்டு வருஷம் குற்றால மலையில் ஏறி இறங்கி, மலைவாசிப் பளியர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு மூலிகைக்கும் பேர், இடம், பூக்கும் மாதம் எல்லாம் குறித்து, பக்கத்துக்குப் பக்கம் இலையை உலர்த்தி ஒட்டியிருந்தார். வேறு பிரதி கிடையாது. பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போகவிருந்ததைத் தடுத்து, வாத்தியாரின் மகள் முத்துவடிவுதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது ஒங்க கையிலதான் பத்திரமா இருக்கும்" என்று அவள் சொன்னபோது மந்திரமூர்த்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

1936இல் வாசகசாலைத் தலைவர், வக்கீல் தில்லைநாயகம் பிள்ளை, ஏதோ ஒரு மடத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஓலைச் சுவடிகளுக்குப் பூச்சி அரிக்காமலிருக்கப் புல்தைலம் தடவுவதைப் பார்த்துவிட்டார். வந்தது வினை. சரஸ்வதி பூஜைக்கு முன்னால் பழைய புத்தகம் அத்தனைக்கும் எண்ணெய் போடவேண்டும் என்று உத்தரவு போட்டார். செங்கோட்டையிலிருந்து வந்த தைலம் போதாது என்று நல்லெண்ணெயையும் கலக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஓலை வேற, காயிதம் வேற. காயிதம் எண்ணெயக் குடிச்சிரும்" என்றார் மந்திரமூர்த்தி.

"ஏம்வே, நூறு வருஷத்து ஏடு இன்னும் பளபளன்னு இருக்குது. புஸ்தகத்து மேல ஒமக்கு மட்டுந்தான் அக்கறையோ?"

அதற்கு மேல் மந்திரமூர்த்தி வாய் திறக்கவில்லை. இந்த அசிங்கத்தில் என் கை படாது என்று மட்டும் முடிவு செய்துகொண்டார். வேலையாள் சுடலையாண்டியிடம் எண்ணெய்ச் சட்டியைக் காட்டிவிட்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். சுடலையாண்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சொன்ன வேலையில் ஒரு மயிரிழை மிச்சம் வைக்கமாட்டான். மத்தியானம் வாசலுக்கு வந்து நின்றான்.

"அண்ணாச்சி, மேல்தட்டுல துணியில கெட்டி ஏழு நோட்டு கெடக்குது. அதுக்குமா?"

அவன் முழங்கையிலிருந்து எண்ணெய் சொட்டியது. மந்திரமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கிட்ட எதையும் கேக்காதலே. தள்ளிப் போ."

அவன் போனான். சாயந்தரம் பார்த்தபோது, நோட்டைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணிதான் எண்ணெய்த் துணியாகிச் சட்டி விளிம்பில் கிடந்தது. அன்று முதல் அவர் எந்தப் பழைய புத்தகத்தையும் தொடவில்லை. தூரத்தில் நின்று கைகாட்டுவார், சுடலையாண்டி எடுப்பான். எறும்பு வந்தது. எலியும் வந்தது. அலமாரியைத் திறந்தால் செக்கு மூலையில் நிற்கிறது போல் ஒரு சிக்கு நாற்றம்.

மார்கழியில் சென்னையிலிருந்து ஒரு தாவர ஆராய்ச்சியாளர் கடிதம் எழுதினார். தை மாதம் வந்து அந்த ஏழு நோட்டுகளையும் படிக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். 'சீரிய முறையில் பாதுகாக்கப்பட்டுள்ளன' என்று பிள்ளை பதில் போட்டுவிட்டார். கேள்விப்பட்ட முத்துவடிவு, ஆராய்ச்சியாளர் வருமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஓடி வந்தாள்.

சுடலையாண்டி நோட்டுகளை மேஜையில் வைத்தான். அவள் முதல் நோட்டைத் திறந்தாள். தாள் கண்ணாடி மாதிரி ஆகி, முன்பக்க எழுத்தும் பின்பக்க எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு வரி படிக்க முடியவில்லை. உலர்ந்த இலைகள் துணியின் தேய்ப்பில் தூளாகி, எண்ணெயில் குழைந்து, சாணி போல ஓரங்களில் அப்பியிருந்தன. நடுவில் செத்த கரப்பான் ஒன்று. அடுத்த நோட்டு திறக்கவே வரவில்லை. ஏழையும் பார்த்து முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"இதத் தடவும்போது நீங்க எங்க நின்னிய?"

"வாசல்ல."

"ஒங்ககிட்டக் கேக்கலையா யாரும்?"

சுடலையாண்டிதான் சொன்னான்.

"நாந்தான் போயிக் கேட்டேம்மா. அண்ணாச்சி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக."

அவள் அப்பாவின் எழுத்தைத் தொட்ட விரல்களை முந்தானையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பு போகவில்லை. சுடலையாண்டியும் தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மந்திரமூர்த்தி குனிந்து தன் கைகளைப் பார்த்தார். அந்த அறையில் அவை மட்டும்தான் சுத்தமாக இருந்தன. அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.