பாறை மேல் நான் சேர்த்த நட்சத்திரங்கள்

மக்களே, மூத்தவள் பள்ளிக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நின்ற அந்தச் சனிக்கிழமை உங்கள் ரெண்டு பேருக்கும் மறந்திருக்காது. சின்னவள் என் மடியில் இருந்தாள். ஆனால் அது எங்கே தொடங்கியது என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

மூத்தவள் நாலாம் வகுப்புக்குப் போனபோது ஜெர்மன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கென்று தனி டீச்சர் கிடையாது. வகுப்பு டீச்சரே டிவியில் வீடியோ போடுவார், பிள்ளைகள் சேர்ந்து சொல்லும். வீட்டில் போனில் ஒரு ஆப்பில் பாடம் செய்ய வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் குறைந்தவர்களை அடுத்த பருவத்தில் அந்த வகுப்பில் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து நர்ஸ் படித்து ஜெர்மனி போன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். மூத்தவளுக்கு அந்த வகுப்பு போய்விடக் கூடாது என்று பயந்தேன்.

நம் வீட்டில் டவர் கிடைக்காது. கிடைப்பது மலையில், நான் ரப்பர் பால்வெட்டும் பகுதியில், ஒரு பாறை மேல் மட்டும். விடியுமுன் ரப்பர் மரங்களை வெட்டி முடித்தால், சிரட்டைகளில் பால் வடிந்து சேரும்வரை சும்மா இருக்க வேண்டும். முதல் நாள் பாறையில் ஏறிப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்றுதான் நினைத்தேன். வருவதற்குள் டவர் போய் அது மூடிக்கொண்டது. மறுநாள் நானே பதிலைத் தொட்டேன். தப்பு. திரும்பத் தொட்டேன். நட்சத்திரம் விழுந்தது.

பிறகு விடவில்லை. மழையில் வெட்டு இல்லாத நாளிலும் குடையோடு கிளம்பினேன்.

"வெட்டுதான் இல்லியே, எங்க போறிய?" என்று கேட்டாள் உங்கள் அம்மா.

"பிள்ளைக்குப் பாடம்."

"பிள்ள இங்க உறங்குகா. நீங்க மல மேல போய்ப் படிச்சா அவளுக்கு எப்பிடி ஏறும்? குடை வழியா ஒழுகி வருமா?"

மூத்தவளிடம் நான் சொன்னது இதுதான்: "டீச்சர் கேட்டா, நாந்தான் செஞ்சேன்னு சொல்லிரு மக்கா." அவள் தலையாட்டினாள். நட்சத்திரத்தில் வகுப்பிலேயே முதல் ஆனாள்.

அந்தச் சனிக்கிழமை பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மா டிவியில் நேரடியாகக் கேள்வி கேட்பார், முதல் ஆன பிள்ளை பதில் சொல்லும் என்றார்கள். பக்கத்தில் இருந்த மளிகைக் கடைக்காரர் முழங்கையால் இடித்தார். "உம்ம மகதானாமே? இனி வெட்டுக் கத்திய வச்சிட்டு கோட்டு தைக்கக் குடும். குளிரு நாடாக்கும்."

பேர் கேட்டார், சொன்னாள். ஊர் கேட்டார், சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து அந்த அம்மா கடிகாரம் வரைந்த ஒரு அட்டையைக் காட்டி மணி கேட்டார். கடிகாரத்தில் நாலு மணி. நான் தினமும் கத்தியும் தலையில் கட்டும் ஹெட்லைட்டும் எடுக்கும் நேரம். அந்தப் பாடத்தை மூன்று தடவை செய்திருக்கிறேன். மூத்தவள் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நாலுக்கான ஜெர்மன் சொல்லுக்கு என் வாய் தன்னால் அசைந்தது. "ஃபியர்." அவள் அதைக் கண்டாள். சொல்லாமல் குனிந்துகொண்டாள்.

டிவியில் அந்த அம்மா சிரித்தபடி அட்டையைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தார்.

"ஏட்டி, அறுபது பாடம் முடிச்சிருக்கியே. நீதான செஞ்ச?" என்றார் டீச்சர்.

"நாந்தான் டீச்சர்."

குரல் நடுங்கவில்லை. என்னிடம் அவள் பிழையில்லாமல் படித்தது அது ஒன்றுதான்.

டீச்சர் முகம் மாறியது. "பொய் சொல்லாத. ஹெட்மாஸ்டர்ட்ட போவோமா?"

அதன் பிறகுதான் சின்னவளை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழும்பினேன். எழும்ப எனக்கு அவ்வளவு நேரம் ஆனது.

"டீச்சர், அவ செய்யல. நாந்தான் செஞ்சேன். அப்பிடிச் சொல்லச் சொன்னதும் நாந்தான்."

"அப்ப நட்சத்திரத்த தகப்பனுக்குக் குத்தி விடுங்க" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரித்தார்கள். மூத்தவளை உட்காரச் சொல்லிவிட்டு வேறொரு பிள்ளையை நிறுத்தினார்கள்.

முடிந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். டவர் இருக்கும் இடத்தில் பாடத்தை இறக்கி வைத்தால் டவர் இல்லாத வீட்டிலும் செய்யலாமாம். அதற்கான பட்டனைக் காட்டினார். கேட்டிருந்தால் முதல் நாளே காட்டியிருப்பார். ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று நான் கேட்கவே இல்லை.

"பருவம் முடிய ஒரு மாசம் இருக்கு. அவ கையால எத்தன வருதோ அதத்தான் பாப்பேன்" என்றார்.

பஸ்ஸில் மூத்தவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "எதுக்குப்பா எழும்புனிய? நாந்தான்னு சொல்லிட்டேம்லா."



திங்கட்கிழமை வெட்டு முடிந்ததும் பாறையில் ஏறினேன். ஆப்பில் 'முதலிலிருந்து தொடங்கு' என்று இருந்ததைத் தொட்டேன். எல்லா நட்சத்திரமும் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. ஒரு மாசத்தில் அவளால் எத்தனை முடியும்? வகுப்பு போனாலும் போகும். விரலில் ரப்பர் பால் ஒட்டியிருந்தது. சட்டையில் துடைத்துவிட்டு அமுக்கினேன். அறுபது போய் சைபர் வந்தது. முதல் பாடத்தை இறக்கி வைத்தேன். திறந்து பார்க்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு, பால் எடுக்க வாளியோடு இறங்கினேன்.