டொக்டரின் தலைக்குமேல் ஒரு தண்ணீர்க் குழாய்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸ் ஒட்டிய இரும்பை எமனே வந்தாலும் பிரிக்கமுடியாது என்பார்கள். அவன் வெல்டிங் செய்த வாசல் கேற் ஒன்று, வீட்டை இடித்த பிறகும் தனியே நின்று வந்தவர் போனவரை மறித்ததாம். நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன்.

அப்படிப்பட்டவனுக்குச் சோறு இறங்காமல் போனது வெள்ளவத்தைப் பல்வைத்தியர் கதிர்காமநாதனால். அவரிடம் கூரையில்லாத பழைய கார் ஒன்று இருந்தது. களுத்துறைப் பக்கத்து ஓடுபாதையில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் அதை வேகமாக விட்டுப் பார்க்க அவருக்கு ஆசை. கவிழ்ந்தால் தலை தப்ப, சீற்றுக்குப் பின்னால் ரோல் பார் என்ற இரும்பு வளைவு வேண்டும். அதற்கென்றே தேடி எடுத்த தடித்த உருக்குக் குழாயை கிளறன்ஸிடம் கொடுத்தார்.

"இதாலைதான் செய்யவேணும், கிளறன்ஸ். என்ரை தலை உம்மடை கையிலை."

குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு கிளறன்ஸ் காலி வீதிக்கு வந்தான். தூரத்தில் செக்பொயின்ற். யுத்தக் காலம், தமிழன் தோளில் நீட்டுக் குழாயைக் கண்டால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? வலைக் கம்பு கொண்டுபோன முகத்துவாரத்துப் பேதுருவே உள்ளே இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். கிளறன்ஸ் திரும்பி, பாமன்கடையில் மனைவியின் தங்கை றோஸி வீட்டில் குழாயைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனான். பட்டறையில் கிடந்த மெல்லிய பழைய தண்ணீர்க் குழாய்க்குள் மணல் அடைத்து, சூடாக்கி வளைத்து, பட்டறைக்கு வந்த காரில் பூட்டிக் கறுப்புப் பெயின்ற் அடித்தான். பார்த்தால் கப்பலையே தாங்கும் போலிருந்தது.

டொக்டர் தட்டிப் பார்த்தார். "இனிக் கவிண்டாலும் பயமில்லை. வாற ஞாயிறு முழு வேகத்திலை விடப்போறன்!"

அதுவரை மாட்டுவண்டிக்கும் வழிவிட்டு ஓட்டிய மனிதர். அந்தத் துணிவைக் கொடுத்தது தண்ணீர்க் குழாய் என்பது கிளறன்ஸின் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது.

"மீனும் வேண்டாம், இறைச்சியும் வேண்டாம். ஆரையும் கொலைசெய்துபோட்டியளோ?" என்றாள் மனைவி மெற்றில்டா.

"இன்னும் இல்லை."

சனிக்கிழமை டொக்டரிடம் உண்மையைச் சொல்லப் போனான். அவர் நாற்காலியில் இருத்தி, "எந்தப் பல்?" என்றார். கிளறன்ஸின் விரல் ஒரு நல்ல பல்லைக் காட்டியது. ஊசி இறங்கியது. குறடு கிட்டே வந்தபோதுதான் துணிவு வந்தது.

"டொக்டர்... பல்லில்லை... வளைவு... அது தண்ணிப் பைப்."

விறைத்த வாய் பேசுவதை விளங்கிக்கொள்வது அவர் தொழில். குறட்டைக் கீழே வைத்தார்.

"நான் தந்தது எங்கை?"

"பாமன்கடையிலை. மனுசியின்ரை தங்கச்சி றோஸி அதிலை உடுப்புக் காயப்போடுறா. செக்பொயின்ற் தாண்டப் பயந்திட்டன்."

டொக்டர் நெடுநேரம் கை கழுவினார். "என்னட்டைக் கார் இருக்கு. பிறகேன் உம்மடை தோளிலை ஏத்தினனான்? எனக்கும் அதே பயம்தான், ஐசே."

இருவரும் பாமன்கடைக்குப் போனார்கள். றோஸி கோயில் திருவிழாவுக்கு அந்தோனியார் கொடி தைத்துக்கொண்டிருந்தாள். "இரண்டு ஆம்பிளையள், ஒரு பைப்!" என்று சொல்லி, காய்ந்த சேலைகளை உருவிவிட்டுக் கொடியைக் குழாயில் கட்டினாள். காரில் கிளறன்ஸ் கொடிமரத்தோடு எழுந்து நின்றான். நெற்றி நிறையத் திருநீற்றோடு டொக்டர் ஓட்டினார். செக்பொயின்றில் நின்ற ஆமிக்காரன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டு, "ஹா, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லி வழிவிட்டான். கொட்டாஞ்சேனை போய்ச் சேரும்போது பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு ஒரு பஸ் நிறையச் சனம் வந்ததாகக் கேள்வி.

விடிவதற்குள் தண்ணீர்க் குழாயை அறுத்தெறிந்து உருக்குக் குழாயைப் பூட்டினான். ஞாயிறு பந்தயத்தில் டொக்டர் கடைசியாக வந்தார். சரியான இரும்போடு பழைய பயமும் திரும்பிவிட்டது.

கிளறன்ஸுக்குச் சோறு இறங்கியது. ஆனால் கொடியை நம்பிச் சிலுவை போட்ட அந்த ஆமிப் பொடியனின் முகம் மனதைவிட்டுப் போகவில்லை. திருவிழாவில் அந்தோனியாரின் கொடி ஏறும்போதெல்லாம் குனிந்து நிலத்தைப் பார்ப்பான்.

"என்ன, கழுத்துப் பிடிப்போ?" என்பாள் மெற்றில்டா.

"ஓம்" என்பான்.