மடியில் வைத்த மூத்திரப் போத்தல்

அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்த நாளில், மடியில் மட்டக்குதிரை மூத்திரத்தைச் செருகிக்கொண்டு நின்றவன் நான்.

ஐம்பதுகளில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்காரனாக இருந்தேன். துரைமார் ஒரு தூரச் சவாரிப் போட்டி வைத்தார்கள். முதல் நாள் டிக்கோயா வரை போய்த் தங்கி, மறுநாள் மலையேறித் திரும்ப வேண்டும். குதிரைகளுக்கு மருந்து ஏற்றுகிறார்கள் என்று பேச்சு வந்ததால், டிக்கோயாவில் மிருக வைத்தியர் மூத்திரம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்புவார், மூத்திரம் கொடுக்காத குதிரை மறுநாள் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள்.

எங்கள் குதிரைக்கு முன்னங்காலில் நரம்பு வீங்கியிருந்தது. ஒரு மாதமாவது லாயத்தில் நிற்க வேண்டிய மிருகம். துரை புறப்படும்போது தன் கையாலேயே ஊசி குத்தினார். கால் மரத்துவிட்டது. நோவு தெரியாத அந்த வாயில்லா ஜீவன் அதே காலை ஊன்றி டிக்கோயா வரை ஓடியது. லொறியில் முன்னால் போய் நான் காத்திருந்தேன்.

வந்ததும் துரை என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு ஒரு போத்தலைக் கையில் திணித்தார். அங்கே சாமான் சுமக்கும் மட்டக்குதிரையுடையதாம்.

"டாக்டர் வெளிய நிக்கும். நீ லாயத்துக்கு உள்ள போ, இத டின்ல ஊத்து, கொண்டா. சூடு போனா அவனுக்குத் தெரியும். உடம்புல வை."

முடியாது என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவும் பிள்ளைகளும்தான் நினைவுக்கு வந்தார்கள். திருநீற்றுப் பை இருந்த மடியிலேயே அதையும் செருகினேன். வெதுவெதுவென்று வயிற்றில் ஒட்டியது. சீ!

வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். டின்னைக் கொடுத்து, "நீர் உள்ளுக்குப் போய் விசில் அடியும். என்னைக் கண்டால் அது பெய்யாது" என்றார்.

நான் சீட்டி அடித்தால்தான் அந்தக் குதிரை பெய்யும். குட்டியிலிருந்து பழக்கியது அப்படி. என்னைக் கண்டதும் பின்னங்காலை அகட்டிக்கொண்டு நின்றது. குனிந்து முன்னங்காலைத் தொட்டேன். கொதித்தது. அழுத்தினேன். உதறவில்லை, மரம் மாதிரி நின்றது. நாளை அந்த ஏற்றத்தில் போனால் கால் போய்விடும், அப்புறம் துவக்கால் சுட்டுத் தள்ளுவதுதான். போத்தலை ஊற்றினாலும் ஓட்டுவார்கள். நிஜ மூத்திரத்தைப் பிடித்தாலும் கொழும்பிலிருந்து முடிவு வர நாளாகும், அதற்குள் ஓட்டிவிடுவார்கள்.

வெறும் டின்னோடு வெளியே வந்தேன். "வரலீங்க ஐயா. சீட்டி அடிச்சுப் பாத்துட்டேன்." வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

துரை உள்ளே போய்த் தானே சீட்டி அடித்தார். இன்னும் இரண்டு துரைமாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு குதிரையின் பின்புறத்தைச் சுற்றி மூன்று வெள்ளைக்காரர்கள் உதட்டைக் குவித்துக்கொண்டு நின்ற அசிங்கத்தை என்ன சொல்ல? குதிரை காதை என் பக்கமே திருப்பியிருந்தது.

"துரைமாரின்ர விசில் அதுக்குப் பழக்கமில்லைப் போல" என்று வைத்தியர் தமிழில் என்னிடம் சொன்னார். பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு, இந்தக் குதிரை நாளை ஓடாது என்று எழுதிவிட்டுப் போனார்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் மலையில் முள்ளு குத்தி மண் கிளறப் போ, லாயப் பக்கம் வராதே என்றார் துரை. போத்தலை அவர் காலடியிலேயே வைத்தேன். எல்லோரும் போன பிறகு சீட்டி அடித்தேன். பாவம், எவ்வளவு நேரம் அடக்கியிருந்தது!

ஆற்றில் மூன்று தரம் முழுகியும் அருவருப்புப் போகவில்லை. தீட்டுப்பட்ட கையோடு அம்மன் முன் நிற்க மனம் ஒப்பாமல் காப்பை நானே அவிழ்த்து ஆற்றில் விட்டேன்.

விடியுமுன் ஊசியின் வேகம் இறங்கிவிட்டது. மற்றக் குதிரைகள் புறப்பட்டபோது எங்கள் குதிரை நான் ஈரச்சாக்குச் சுற்றிய முன்னங்காலைத் தரையில் வைக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. முறியாத கால், மாதக் கணக்கில் நின்றால் ஆறிவிடும். துரை யாருடைய காரிலோ ஏறிப் போனார். அந்தக் காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.