இரண்டாம் முறை வந்த காலணிகள்

சாணை பிடித்து முடித்ததும் ஐலா நிஸ்கனென் தகட்டின் விளிம்பைத் தன் இடது கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்ப்பாள். நகத்திலிருந்து வெள்ளையாகத் தூள் சீவி வந்தால் கூர் சரி. வராவிட்டால் மறுபடியும் சக்கரத்துக்கு. இருபத்தெட்டுக் குளிர்காலமாக அந்த நகம் வரிவரியாகவே இருக்கிறது. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கும்போது அவள் அந்த விரலை மடக்கிக்கொள்வாள்.

சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் அந்தக் கல்லூரியின் பனி ஹாக்கி அணிக்குச் சறுக்குக் காலணிகளின் அடித்தகட்டைத் தீட்டித் தருவது அவள் வேலை. பனித்தளத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. பையன்கள் யார் பெயரையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். அவள் அவர்களுக்கு நிஸ்கி. ரீட் ஹோட்டாலா என்ற உள்ளூர்ப் பையன், மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவரின் மகன், எல்லாருக்கும் ஹோட்ஸ்.

தீட்டும்வரை காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் எதையும் பேசுவார்கள். காதலி விட்டுப் போனது, விரல் முறிந்ததைப் பயிற்சியாளரிடம் மறைத்தது, எல்லாம். ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. "அந்த ரூமுக்கு வாயே கிடையாதுடா" என்பார்கள். பேசக் கூச்சப்படும் அவளுக்கு அது ஒன்றுதான் பெருமை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பயிற்சியில் ரீட் பலகைச் சுவரில் தலை மோத விழுந்தான். சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டான். மறுநாள் காலை காலணிகளைக் கொண்டுவந்தான். தீட்டிக் கொடுத்தாள். மதியம் அதே காலணிகளோடு வாசலில் நின்றான்.

"நிஸ்கி, நாளைக்கு மேட்ச் இருக்கு. கொஞ்சம் கூராப் புடிச்சுக் குடுங்க."

"காலையில புடிச்சாச்சே, ஹோட்ஸ்."

"சும்மா கலாய்க்காதீங்க."

"நான் என்னிக்குடா கலாய்ச்சேன்? இங்க உக்காந்து என் டிபன்ல இருந்த பேஸ்டியில பாதியைத் தின்னியே. உள்ள உருளைக்கிழங்கு ஜாஸ்தின்னு குறை வேற சொன்னே."

அவன் தகட்டைப் பார்த்தான். பளபளவென்று இருந்தது. பிறகு கதவைச் சாத்தினான்.

"மார்லீன்கிட்ட சொல்லிடாதீங்க. சனிக்கிழமை பெரிய டீம்லேருந்து என்னைப் பாக்க ஆள் வராங்க. சொன்னா ரெண்டு வாரம் உக்கார வெச்சிடுவா. அப்புறம் எனக்கு அப்பாவோட லாரிதான்."

"தலை வலிக்குதா?"

"லைட்டைப் பாத்தா மட்டும்."

மார்லீன்தான் அணியின் காயங்களைப் பார்ப்பவள். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் பிழைப்பதே கஷ்டம் என்று ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பையன்களை நிற்க வைத்துச் சொல்வாள். கூடத்தின் ஓரத்தில் நின்று அதை ஐலாவும் இருபத்திரண்டு முறை கேட்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவளே மார்லீன் அறைக்குப் போனாள். கதவைத் தட்டுவதற்குள் மார்லீன் வெளியே வந்துவிட்டாள்.

"ஐலா, நல்லவேளை வந்தீங்க. ஹோட்ஸ் எப்படி இருக்கான்? என்கிட்ட 'ஜோரா இருக்கேன்'னு இளிக்கிறான். உங்க ரூமுக்கு வந்தானா?"

"வந்தான். ஸ்கேட்ஸ் தீட்டிக் குடுத்தேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையே?"

கூடத்தின் மறுமுனையில் பையன்கள் நான்கு பேர் பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ரீட்டும் இருந்தான். அவளைப் பார்த்தான்.

"பேஸ்டியில உருளைக்கிழங்கு ஜாஸ்தின்னான்" என்றாள் ஐலா.

மார்லீன் சிரித்துவிட்டுப் போனாள். தீட்டியது ஒரு முறையா இரண்டு முறையா என்று அவள் கேட்கவில்லை.

அன்று மாலை மேட்சின் இரண்டாவது பகுதியில் ரீட்டுக்குப் பட்டது பெரிய இடி இல்லை. தோளில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். அடிவாங்கியவன் விழும்போது கையை ஊன்றுவான். ரீட் ஊன்றவில்லை. அவனைச் சக்கரப் படுக்கையில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது இரண்டு அணிக்காரர்களும் வழக்கம்போல, அடிபட்டவனுக்கு மரியாதையாக, மட்டைகளைத் தரையில் தட்டினார்கள். பெஞ்சுக்குப் பின்னால் நின்றிருந்த ஐலா தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், கையிலிருந்த துணியைப் பிழிந்தபடி நின்றாள்.

அவன் பிழைத்தான். ஏழு மாதம் கழித்து நடந்தான். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது. அடுத்த பருவத்தில் புதிதாக வந்தவர்களிடம் மூத்தவர்கள் சொன்னார்கள்: "நிஸ்கிகிட்ட எது வேணா சொல்லலாம்டா. செத்தாலும் வாயத் திறக்க மாட்டாங்க." அவள் சக்கரத்தைச் சுழலவிட்டாள்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் ரீட்டின் அம்மா அவனைப் பனித்தளத்து வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போகிறாள். அவன் பழைய காலணிகளோடு ஐலாவின் அறைக்கு வருகிறான்.

"நிஸ்கி, சனிக்கிழமை என்னைப் பாக்க ஆள் வராங்க. கொஞ்சம் கூராப் புடிச்சுக் குடுங்க."

சில நாள் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாம் முறையும் வருவான். காலையில் பிடித்தாயிற்று என்று அவள் இப்போது சொல்வதில்லை. வாங்கிப் பிடிக்கிறாள், நகத்தில் இழுத்துப் பார்த்துக் கொடுக்கிறாள். அவன் பனியில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவனும் வைத்ததில்லை. ஆனால் தீட்டித் தீட்டியே தகடு தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு மாட்ட, அதே அளவில் ஒரு ஜோடித் தகடு வாங்கி இழுப்பறையில் வைத்திருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை அவன் இரண்டாம் முறை வந்ததை மார்லீனிடம் இன்னும் சொல்லவில்லை.