அம்மாவின் ஒறுத்தல்

நோயாளி நான். ஆனால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓயாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது அம்மா. கூஜா காலியாகும், குழாயில் பிடித்து வருவாள், அதுவும் காலியாகும். மைசூர் வெயில் என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே எனக்குக் காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமித் தொற்று) என்று தெரிந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி வரை வந்துவிட்டேன். மருந்துச் சீட்டில் ஆங்கிலத்தில் இருந்ததை நானே படித்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். ஒழுங்காக மாத்திரை விழுங்கினால் குணமாகும் என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

உயிர்ப்பு விழாவான ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. எங்கள் கொள்ளேகால் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் அந்த நாட்களில் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். ஒறுத்தல் என்போம். இயேசு பட்ட பாட்டோடு நம் சிறு பாட்டையும் சேர்த்து, ஒருவருக்காக ஒப்புக்கொடுப்பது. அந்த ஆண்டு எல்லாம் எனக்காக. கொத்து வேலைக்குப் போகும் அப்பா பீடியை விட்டார்.

"நீ என்னம்மா விட்ட?"

"வெளிய சொன்னாப் பலிக்காது கண்ணு."

"காப்பியத்தான் விட்டிருப்பா," என்றார் அப்பா. "மூஞ்சியப் பாரு."

அம்மா மெலிந்தாள். செருப்புக் கடித்த புண் காலில் ஆறவில்லை. என் நோய் தொற்றிவிட்டதோ என்று டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு அம்மாவிடம் கன்னடத்தில், "சக்கரெ மாத்ரெ தகோத்திதீரா?" என்றார். அம்மாவுக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்கிறார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "விட்டுட்டேன்."

ஞாயிறுகளில் கோயில் பிள்ளைகளுக்கு நான் மறைக்கல்வி நடத்துபவள். எல்லோருடைய பாவத்துக்கும் ஈடாக இயேசு ஒரே முறை தம்மைக் கொடுத்தார். அந்தப் பலி முழுமையானது. அதில் நாம் கூட்ட எதுவும் மீதியில்லை. அம்மாவுக்கும் அதையே சொன்னேன்.

"அவரு செஞ்சது உலகத்துக்கு கண்ணு. நான் செய்யறது என் புள்ளைக்கு."

"பாவத்துக்குத்தாம்மா பரிகாரம். இது கிருமி."

"படிச்சவ நீ. உனக்குத் தெரிஞ்சதச் சொல்ற."

எங்கள் கோயிலின் பங்குச் சாமியாரை அழைத்து வந்தேன். உயிரைக் கேட்கும் ஒறுத்தல் கடவுளுக்கு வேண்டாம், மாத்திரை விழுங்குவதும் செபம்தான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். "சரிங்க சாமி" என்று முழங்காலிட்டு ஆசி வாங்கினாள். எங்கள் கண்ணெதிரே மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். பின்னால் போய்த் துப்பியிருக்கிறாள் என்பது புண் கறுத்த பிறகுதான் தெரிந்தது.

உயிர்ப்பு விழா முடிந்த வாரம் அவளை வார்டில் சேர்த்தோம். இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசி மருந்து) போட வந்தால் கையை முறுக்கிக்கொண்டாள்.

"தவக்காலம் முடிஞ்சுபோச்சும்மா."

"உனக்கு இன்னும் முடியலயே."

அந்த வாரமே என் சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. இன்னும் சில மாதம் நான் மருந்தைத் தொடர வேண்டும். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. குணமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அம்மா கையை நீட்டினாள். "இனிப் போடச் சொல்லு ஊசிய."

போட்டார்கள். காலின் அழுகல் ஏற்கெனவே ரத்தத்தில் கலந்திருந்தது. மறுநாள் இறந்தாள்.

நோயில் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களைக் கவனிப்பவர் தன் மருந்தை விழுங்குகிறாரா என்று பாருங்கள். உங்களுக்காக அவர் கடவுளிடம் என்ன பேசி வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

அவள் வேண்டுதல் பலித்தது என்று கோயிலில் எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் குணப்படுத்தியது மருந்து. அவள் தன் மாத்திரையைச் சாப்பிட்டிருந்தாலும் நான் பிழைத்திருப்பேன். இதைச் சொன்னால் அவள் வீணாகச் செத்தாள் என்றாகிறது. சொல்லாவிட்டால் கடவுள் அவளை வாங்கிக்கொண்டு என்னை விட்டார் என்றாகிறது. இரண்டில் எதை வைத்துக்கொண்டும் என்னால் முழங்காலிட முடியவில்லை.

எடை கூடிவிட்டது. மூச்சு தடையில்லாமல் போய் வருகிறது. அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. முன்னால் நிறைய நாட்கள் கிடக்கின்றன. ஒன்றையும் என்னுடையது என்று எடுத்துக்கொள்ளக் கை வரவில்லை.