தண்ணீர் வார்க்காத வீட்டில் ஓர் ஆமென்

முதலில் இடுப்புத்தான் வலித்தது. குடம் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். பின்னேரம் காய்ச்சல் வந்ததும் கொயினா (மலேரியாவுக்கான மருந்து) விழுங்கிவிட்டுப் படுத்தேன். எங்கள் பக்கத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் அதைத்தான் விழுங்குவோம். நாலாம் நாள் முகத்தில் முத்துப் போட்டது. பெரியம்மை. ஊரில் அதை ‘அம்மாள் வந்திருக்கிறா’ என்பார்கள்.

தொற்று என்று ஊர் ஒதுக்கிய அறைக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

யுத்தத்தில் துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு, நானும் கணவரும் பட்டினத்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சல்லி என்ற கடற்கரை ஊருக்கு வந்திருந்தோம். அவருக்குத் துறைமுகத்தில் வேலை, கிழமைக்கு ஒருநாள்தான் வருவார். பொன்னம்மாக்கா வீட்டில் ஓர் அறை கிடைத்தது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கருவாடு போட்டுப் பிழைத்த விதவை. அவர் சைவம். நான் வேதக்காரி, மாதா கோவிலில் பாடுகிறவள்.

அப்போதிக்கரி (அரசாங்க மருந்தகத்து உதவி வைத்தியர்) வந்து பார்த்து, என்னை ஊருக்கு வெளியே இருந்த தொற்றுக் கொட்டிலுக்கு அனுப்பவேண்டும் என்றார். முன்பே அம்மை வந்துபோன ஒருவர் துணைக்கு இருந்தால் மட்டும் வீட்டில் விடலாமாம்.

“எனக்குச் சின்னனிலேயே வந்துபோட்டுது, ஐயா” என்றார் பொன்னம்மாக்கா.

“முகத்தில ஒரு தழும்பையும் காணேல்லையே?”

“முதுகு முழுக்கக் கிடக்கு. பாக்கப் போறீங்களோ?”

அப்போதிக்கரி கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கணவர் ஒருநாள் வந்து வேலிப் படலையில் நின்று “சுகமோ?” என்று கேட்டார். அதன்பின் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நோய் இறங்கி, நோயாளியின் தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள்வரை, பொழுதுபடும் நேரத்தில் அம்மாளுக்குப் பாடவேண்டும். ஒரு நாளும் தவறக்கூடாது. பொன்னம்மாக்கா வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்து பாடுவார். சுதி ஓரிடத்தில் நிற்காது. ஆண்டவர் கேட்டுக்கொண்டிருப்பாரே என்று எனக்குப் பயம். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன்.

எனக்குப் பொருக்கு உதிர்ந்து, தண்ணீரும் வார்த்தாயிற்று. அதே கிழமை பொன்னம்மாக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார்.

அவருக்கும் முத்துப் போட்டதும், துணியை விலக்கி வேப்பிலையால் முதுகை வருடினேன். புது முத்துகளுக்கு நடுவில் பழைய தழும்பு ஒன்றுகூட இல்லை.

“ஏனக்கா பொய் சொன்னனீங்கள்?”

“கொட்டிலுக்குப் போன ஒருத்தரும் திரும்பி வரேல்லை, திரேசி.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

அன்று பொழுதுபட, அவரே பாட வாய் திறந்தார். தொண்டைக்குள்ளும் முத்து, சத்தம் வரவில்லை. ஊரில் ஒருவரும் படலை தாண்டி வரமாட்டார்கள். வேறு வழியில்லாமல் நான் தொடங்கினேன். கேட்கக்கூடாது என்று கிடந்தவளுக்கு ஒரு அடியும் மறக்கவில்லை. பாட்டு முடிந்ததும் வாய் தன்பாட்டில் “ஆமென்” என்றது.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா சிரித்ததில் உதடு வெடித்து இரத்தம் கசிந்தது.

“அதென்ன சொல்?”

“எங்கட சொல், அக்கா. அப்பிடியே ஆகட்டும் எண்டு அர்த்தம்.”

“நல்ல சொல்தானே. அம்மாளும் கேக்கட்டும்.”

ஒவ்வொரு நாளும் பாடினேன், ஒவ்வொரு நாளும் அந்தச் சொல் வந்து விழுந்தது. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. என் சொல்தான் அம்மாளுக்கு ஆகவில்லையோ என்று ஒரு எண்ணம் புகுந்துகொண்டது. ஆண்டவரும் என்னைக் கைவிட்டிருப்பார் என்றே நினைத்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் இல்லை. எட்டாம் நாள் பாடி முடித்து, அந்தச் சொல்லை விழுங்கிவிட்டேன்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. “முடிக்கேல்லையே, திரேசி.”

“முடிச்சிட்டன், அக்கா.”

“இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லு.”

“ஆமென்” என்றேன். விளக்கைக் கொளுத்திவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

அம்மையால் எனக்கு இப்போது இடது கண் மங்கல். முகத்தைக் கழுவும்போது கை பள்ளம் பள்ளமாக இறங்குகிறது, வேறு யாரையோ கழுவுவது போல. மாதா கோவிலில் மறுபடி பாடுகிறேன். எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு வாய் திறக்கிறது.

எங்கிருந்தாலும் பொழுதுபட்டால் தொண்டை தானாகச் செருமிக்கொள்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு, ஆருக்கும் கேட்காமல், அம்மாளுக்குப் பாடுகிறேன். தண்ணீர் வார்க்கும்வரை நிறுத்தக்கூடாது என்பதுதானே முறை. அக்காவுக்கு இன்னும் தண்ணீர் வார்க்கவில்லை.